பாடக்குறிப்பை ஏஐ எழுதும், வாக்ரிபோலியை யார் பேசுவார்கள்?

ஆசிரியருக்குப் பாடக்குறிப்பு எழுதித் தரும் செயலிகள் வந்துவிட்டன. கர்நாடகத்தில் மைக்ரோசாஃப்ட் ரிசர்ச் இந்தியாவும் சிக்‌ஷணா அறக்கட்டளையும் சேர்ந்து 'சிக்‌ஷா கோபைலட்' என்ற கருவியை அரசுப் பள்ளி ஆசிரியர்களிடம் கொடுத்துப் பார்த்தார்கள். எந்தப் பாடம் என்று சொன்னால் போதும். வகுப்பை எப்படித் தொடங்கலாம், என்ன கேட்கலாம், என்ன செயல்பாடு வைக்கலாம் என்று கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் சில நிமிடங்களில் எழுதிக் கொடுக்கிறது. இன்னொரு பக்கம் ஒன்றியப் பழங்குடியினர் நல அமைச்சகம் 2025 செப்டம்பரில் 'ஆதி வாணி' என்ற மொழிபெயர்ப்புக் கருவியை வெளியிட்டது. சந்தாலி, பீலி, முண்டாரி, கோண்டி என்று நான்கு மொழிகளில் தொடக்கம். குய், காரோ அடுத்த கட்டம். தமிழ்நாட்டுப் பழங்குடி மொழி ஒன்றுகூட அந்தப் பட்டியலில் இல்லை.

இந்த இரண்டு வகைக் கருவிகளும் சீக்கிரமே ஒன்றாகும். பழங்குடிப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கு அவர்கள் மொழியிலேயே பாடக்குறிப்பு என்று விளம்பரம் வரும். அந்தக் குறிப்பைப் பிடித்துக்கொண்டு வகுப்பில் நிற்கப் போகிறவர் பெரும்பாலும் நிரந்தர ஆசிரியராக இருக்க மாட்டார். மலையிலோ நகர விளிம்பிலோ இருக்கிற இந்த மாதிரிப் பள்ளிகளில் இடமாறுதல் வாங்கிக்கொண்டு போனவரின் நாற்காலியில் உட்காருவது தற்காலிக ஆசிரியர்தான். அதனால் இந்தக் கருவியை யார் வடிவமைக்கிறார்கள், யாரைக் கேட்டு வடிவமைக்கிறார்கள் என்பதை அது வருவதற்கு முன்பே பேசிவிட வேண்டும். வந்த பிறகு பேசினால் 'பின்னூட்டம்' என்று ஒரு பெட்டியில் போட்டு மூடிவிடுவார்கள்.

நான் பூந்தமல்லிக்காரன். 2022 முதல் இரண்டு கல்வியாண்டுகள் இந்தப் பக்கத்துத் தொடக்கப் பள்ளி ஒன்றில் தொகுப்பூதியத்தில் வேலை பார்த்தேன். அம்பத்தூரில் மென்பொருள் வேலையில் இருக்கும் நண்பர்கள் சிலர், தற்காலிக ஆசிரியர்களுக்கான ஏஐ பாடக்குறிப்புக் கருவி ஒன்றைச் செய்துபார்க்கப் போவதாகச் சொல்லி, ஆறு மாதமாக ஞாயிற்றுக்கிழமைகளில் என்னைக் கூப்பிட்டு உட்காரவைக்கிறார்கள். இந்தக் கட்டுரை அந்த உட்காரல்களில் இருந்து வந்தது.

எங்கள் ஊரில் இருந்து ஆவடி போகும் சாலையில் பருத்திப்பட்டு இருக்கிறது. 2022 ஏப்ரல் 15 அன்று முதலமைச்சர் ஸ்டாலின் ஆவடி நரிக்குறவர் குடியிருப்புக்கு வந்து, ஒரு மாணவியின் வீட்டில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்ட காட்சியை நீங்கள் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். அந்த ஆண்டு டிசம்பரில் நரிக்குறவர், குருவிக்காரர் சமூகங்களைத் தமிழ்நாட்டின் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. பல பத்தாண்டுக் கோரிக்கை அது. சாதிச் சான்றிதழ், விடுதி, உதவித்தொகை என்று அதனால் திறக்கும் கதவுகள் சாதாரணமானவை அல்ல. ஆனால் சான்றிதழோடு பள்ளிக்கு வருகிற பிள்ளை தன் வீட்டில் பேசுகிற மொழி, பள்ளியின் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. அவர்கள் தங்களை 'வாக்ரி' என்று சொல்லிக்கொள்கிறார்கள். மொழியின் பெயர் வாக்ரிபோலி. குஜராத்தி, ராஜஸ்தானி, மராத்தி மொழிகளோடு உறவுள்ள இந்தோ-ஆரிய மொழி. தனி எழுத்து கிடையாது. நாம் வைத்த பெயரில் நரியும் குறவரும் இருக்கிறார்கள், அவர்கள் இல்லை. இனி வாக்ரி என்றே எழுதுகிறேன்.

முதல் வகுப்புக்கு வரும் வாக்ரிப் பிள்ளைக்கு என்ன நடக்கிறது? 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலையாகப் பிரிப்பார்கள். நான் பார்த்த வரை வாக்ரிப் பிள்ளைகள் எப்போதும் அரும்பு. இந்தப் பிள்ளைகள் வீட்டில் ஒரு மொழி, தெருவில் தமிழ், பெற்றோரோடு ஊர் ஊராகத் திருவிழாவுக்குப் போகும்போது தெலுங்கும் இந்தியும் காதில் விழுந்து வளர்கிறவர்கள். ஏழு வயதில் மூன்று மொழியில் வாய்த் தகராறு செய்யக்கூடியவள் என் வகுப்பில் இருந்தாள். பதிவேட்டில் அவளுக்கு நேராக இருந்த குறிப்பு: மொழித்திறன் குறைவு. வசதியான வீட்டுப் பிள்ளை மூன்று மொழி பேசினால் யூடியூபில் போடுகிறார்கள்.

இருளர் நிலைமை இன்னும் சிக்கலானது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் இருளர்கள் சுமார் 1,90,000 பேர். அதே கணக்கெடுப்பில் இருளர் மொழியைத் தாய்மொழி என்று பதிந்தவர்கள் நாடு முழுவதும் 11,870 பேர். அந்த 11,870 பேரையும் கணக்கெடுப்பு 'தமிழ்' என்ற தலைப்புக்குக் கீழேதான் வைக்கிறது. நீலகிரி இருளர் பேசுவது தனி மொழி என்று கமில் சுவெலபில் 1970களில் இருந்தே தொகுதி தொகுதியாக எழுதினார். நம் திருவள்ளூர் மாவட்டத்து ஏரிக்கரைகளில், அரிசி ஆலைகளில், சூளைகளில் இருக்கிற சமவெளி இருளர்களின் பேச்சு தமிழுக்கு மிகவும் நெருக்கமானது. நெருக்கமாக இருப்பதாலேயே அதை மொழி என்று யாரும் நினைப்பதில்லை. 'கொச்சை' என்று திருத்துகிறார்கள். வாக்ரிப் பிள்ளை பேசினால் புரியவில்லை என்றாவது ஆசிரியர் நிற்பார். இருளர் பிள்ளை பேசினால் வகுப்பு சிரிக்கும்.

இப்போது தற்காலிக ஆசிரியருக்கு வருகிறேன். 2022 ஜூனில் தமிழ்நாடு அரசு 13,331 காலியிடங்களைப் பள்ளி மேலாண்மைக் குழுக்கள் வழியாகத் தற்காலிகமாக நிரப்பச் சொன்னது. இடைநிலை ஆசிரியருக்கு மாதம் 7,500 ரூபாய், பட்டதாரி ஆசிரியருக்கு 10,000, முதுநிலை ஆசிரியருக்கு 12,000. பூந்தமல்லி நெடுஞ்சாலைத் துணிக்கடையில் நிற்கிறவர்கள் இடைநிலை ஆசிரியரைவிட அதிகம் வாங்குகிறார்கள். பின்னர் தொகை உயர்ந்தது, தொகுப்பூதியம் தொகுப்பூதியமாகவே இருந்தது. விடுமுறை மாதத்துக்குச் சம்பளம் இல்லை, அடுத்த ஜூனில் வேலை உண்டா என்பது தெரியாது. என்னோடு அந்த ஆண்டு சேர்ந்தவர்களில் எனக்குத் தெரிந்தவர்கள் எல்லோருமே வீட்டில் முதல் பட்டதாரிகள். பாதிக்கு மேல் சேரிப் பெண்கள்.

முதல் நாள் காலை உங்கள் கையில் கொடுப்பது வருகைப் பதிவேடும் ஆசிரியர் கையேடும் பீரோ சாவியும். உங்களுக்கு முன்னால் இருந்தவர் எந்தப் பாடத்தில் நிறுத்தினார், எந்தப் பிள்ளைக்குக் கண் சரியாகத் தெரியாது, எந்தப் பிள்ளை சித்திரை மாதம் முழுக்க ஊரில் இருக்க மாட்டாள், ஒன்றும் சொல்ல மாட்டார்கள். மதியம் சாப்பிட உட்காரும்போது மட்டும் ஒரு கேள்வி வரும். "நீங்க எந்தூரு? பூந்தமல்லியா? பூந்தமல்லில எங்க?" தெருப் பெயரைச் சொல்லும் வரை அந்தக் கேள்வி ஓயாது. சொன்ன பிறகு அந்த மேசையில் எனக்கு இடம் இருந்தது, சாம்பார் வாளி மட்டும் என் பக்கம் நகரவில்லை. பள்ளியின் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் அது அந்தப் பள்ளியின் கதையாகிவிடும்.

இந்த ஆசிரியருக்குத்தான் ராத்திரி ஒன்பது மணிக்கு, ஒன்றாம் வகுப்பையும் மூன்றாம் வகுப்பையும் ஒரே அறையில் நாளைக்கு எப்படி உட்காரவைப்பது என்று உதவி தேவைப்படுகிறது. ஏஐ-யே வேண்டாம் என்று எழுதும் தோழர்களோடு எனக்கு இங்கேதான் உடன்பாடில்லை. அந்த ராத்திரிகளில் ஒரு நல்ல கருவி கிடைத்திருந்தால் நான் பயன்படுத்தியிருப்பேன். சந்தேகமே இல்லை. கேள்வி, கிடைப்பது நல்ல கருவியா என்பது.

சோதித்துப் பார்த்தோம். இன்று எல்லோர் போனிலும் இருக்கிற ஏஐ உரையாடி ஒன்றிடம், 'இருளர் பிள்ளைகளுக்கு மூன்றாம் வகுப்புக் கழித்தல் பாடம், அவர்கள் வாழ்க்கையோடு இணைத்து' என்று கேட்டோம். கூடையில் பன்னிரண்டு பாம்பு, ஐந்து ஓடிவிட்டது, மீதி எத்தனை என்று வந்தது. அடுத்த கணக்கில் எலி. வாக்ரிப் பிள்ளைகளுக்கு என்றோம். மணிமாலை, ஊசி, நரி. ஒரு அம்பத்தூர் நண்பர் சிரித்துவிட்டு, பிறகு போனை மேசையில் கவிழ்த்து வைத்தார். அவருடைய அப்பா தோல் பதனிடும் தொழிலில் இருந்தவர். தன் பிள்ளைக்கு இப்படி ஒரு கணக்கு வந்தால் எந்தப் பொருளை எண்ணச் சொல்லியிருப்பார்கள் என்று அவர் யோசித்திருப்பார்.

அடுத்து வாக்ரிபோலியில் பாடக்குறிப்பு கேட்டோம். தெரியாது என்று அது சொல்லவே இல்லை. தமிழ் எழுத்தில் ஒரு பக்கம் கடகடவென்று எழுதிக் கொடுத்தது. ஆவடி பக்கத்துக் குடியிருப்பு ஒன்றில் இருக்கும் அக்கா ஒருவரிடம் அதைப் படித்துக் காட்டினோம். என்னிடம் படித்த இரண்டு பிள்ளைகளின் அம்மா அவர். கொஞ்ச நேரம் கேட்டார். "இன்னா சார் இது? சேட்டு கடக்காரரு பேசற மாதிரி கீது. நடுவுல நடுவுல எதுவுமே இல்ல."

இயந்திரம் எப்படி இந்த நிலைக்கு வருகிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. எழுதிக் குவித்த உரைகளைப் படித்து, எந்தச் சொல்லுக்குப் பின்னால் எந்தச் சொல் வரும் என்று அது பழகுகிறது. வாக்ரிபோலியில் எழுத்து இல்லை. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1970-ல் வெளியிட்ட சீனிவாச வர்மாவின் இலக்கண நூல் போல ஒன்றிரண்டு ஆய்வுகள் நூலக அலமாரியில் இருக்கின்றன. அதனால் இயந்திரம் பக்கத்து வீட்டு மொழியான குஜராத்தியில் இருந்தும் இந்தியில் இருந்தும் கடன் வாங்கி, ஓட்டைகளைத் தன் இஷ்டத்துக்கு அடைத்து, முழு நம்பிக்கையோடு நீட்டுகிறது. பாம்புக் கணக்கு வருவதற்குக் காரணம் இன்னொன்று. இந்தச் சமூகங்களைப் பற்றி எழுதப்பட்டது நிறையவே இருக்கிறது, அவர்கள் எழுதியதுதான் இல்லை. 1909-ல் எட்கர் தர்ஸ்டன் ஏழு தொகுதிகளில் தென்னிந்தியச் சாதிகளையும் குலங்களையும் பட்டியல் போட்டார், மூக்கை அளந்தார். அதற்குப் பின் காவல் நிலையக் குறிப்பு, சினிமாப் பாட்டு, யாத்திரை ரசனையோடு எழுதிய பத்திரிகைக் கட்டுரை. இவற்றைப் படித்த இயந்திரம் கூடையில் பாம்பைத்தான் போடும்.

பாம்பு பற்றி எனக்கு ஒன்றும் விலக்கு இல்லை. 1978-ல் தொடங்கிய இருளர் பாம்புப் பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் பாம்புக்கடி மருந்துக்கான விஷத்தை நாட்டுக்குத் தந்துகொண்டிருக்கிறது. அந்தச் சங்கத்தின் வடிவேல் கோபாலையும் மாசி சடையனையும் 2017-ல் மலைப்பாம்பு தேட அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்கு அழைத்துப் போனார்கள். 2023-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ. அது ஒரு அறிவியல். அந்த அறிவை அவர்கள் தங்கள் மொழியில் சொல்லி, அது நான்காம் வகுப்புச் சூழ்நிலையியல் பாடத்துக்கு வந்தால், எல்லாச் சாதிப் பிள்ளைகளும் அதைப் படித்தால், நான் கைதட்டுவேன். இருளர் பிள்ளைக்கு மட்டும் கழித்தல் கணக்கில் பாம்பு என்பது வேறு விஷயம். அதன் பெயர் குலக்கல்வி. ராஜாஜி 1953-ல் அரை நாள் பள்ளி, அரை நாள் அப்பன் தொழில் என்று கொண்டுவந்ததை எதிர்த்துத் துரத்திய மாநிலம் இது. அது இப்போது 'சூழலுக்கேற்ற உள்ளடக்கம்' என்ற நல்ல பெயரில் போனுக்குள் வந்து உட்காரப் பார்க்கிறது.

யார் பாடம் எழுதுவது என்பது நமக்குப் புதிய கேள்வி இல்லை. பரங்கிமலையில் 1883-ல் பிறந்த எம்.சி. ராஜா சட்டமன்றம் போவதற்கு முன்பு பள்ளி ஆசிரியர், பாடநூல்கள் எழுதியவர். மவுண்ட்-பூந்தமல்லி சாலையில் தினமும் போய்வருகிற நம்மில் எத்தனை பேருக்கு அது தெரியும் என்பது வேறு கதை.

எங்கள் ஊரிலேயே இன்னொரு பாடம் இருக்கிறது. பூந்தமல்லியில் பார்வையற்றோருக்கான அரசுப் பள்ளி உள்ளது. அங்கே பிள்ளைகள் விரலால் படிக்கிற புள்ளி எழுத்தின் வரலாற்றைக் கொஞ்சம் பாருங்கள். பாரிஸில் 1785-ல் வாலாந்தென் ஆவி என்பவர் பார்வையற்றோருக்குப் பள்ளி தொடங்கினார். நல்ல மனிதர். கண் தெரிந்தவர். அதனால் கண்ணுக்கு அழகான ரோமன் எழுத்துகளையே காகிதத்தில் புடைக்க வைத்து, இதைத் தடவிப் படியுங்கள் என்றார். ஒவ்வொரு எழுத்தாகத் தடவி ஒரு வரி படிப்பதற்குள் பிள்ளைகள் சோர்ந்துபோனார்கள். எழுதவோ முடியவே முடியாது. அந்தப் பள்ளியில் படித்த லூயி பிரெயில், பதினைந்து வயதில், 1824 வாக்கில், ஆறு புள்ளியில் விரலுக்கேற்ற எழுத்தைச் செய்தார். கண் தெரிந்த ஆசிரியர்களுக்கு அது புரியவில்லை. பள்ளி நிர்வாகம் ஒரு கட்டத்தில் அதைத் தடையே செய்தது. பிள்ளைகள் ஒளித்து வைத்து எழுதினார்கள். பள்ளி அதை முறையாக ஏற்றுக்கொண்டது 1854-ல், பிரெயில் இறந்து இரண்டு ஆண்டுக்குப் பிறகு. முப்பது ஆண்டுகள் பிள்ளைகளிடம் சரியான கருவி இருந்தது, நிர்வாகத்திடம் தவறான கருவி இருந்தது. இதை நான் சொன்ன ஞாயிற்றுக்கிழமை, நண்பர்கள் வரைந்து வைத்திருந்த திரை மாதிரிகளில் பாதியை ஓரம் வைத்தோம்.

மீதியை மாற்றினோம். நான் கேட்ட முதல் மாற்றம் மிகச் சாதாரணமானது. புதிய பாடக்குறிப்பு எழுதுவதற்கு முன், முந்தைய ஆசிரியர் எங்கே விட்டார் என்பதை அந்தக் கருவி நினைவில் வைத்திருக்க வேண்டும். வகுப்பு முடிந்ததும் ஆசிரியர் இரண்டு நிமிடம் தமிழில் பேசினால் போதும்: இன்று இதுவரை வந்தோம், இவளுக்குப் புரிந்தது, அவனுக்குப் புரியவில்லை. அடுத்து வருபவர் அதைக் கேட்டுவிட்டு உள்ளே போகலாம். ஆண்டுக்கு மூன்று முறை ஆசிரியர் மாறுகிற வகுப்பில் ஒன்றாம் பாடத்தையே மூன்று முறை நடத்துகிறோம், தோழர்களே. பிள்ளைகள் 'பின்தங்குவதில்' பாதி அதனால்தான். இந்தப் பதிவில் பிள்ளையின் பெயர் வெளியே போகக் கூடாது, மேலிருந்து யாரும் ஆசிரியரை வேவு பார்க்கவும் அது உதவக் கூடாது. இணையம் இல்லாத இடத்தில் வேலை செய்ய வேண்டும். ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. இதெல்லாம் பொறியாளர்களுக்குச் சிரமமில்லை.

சிரமம் மொழியில் வந்தது. வாக்ரிபோலி வர வேண்டிய இடத்தில் கருவி என்ன செய்ய வேண்டும்? காலியாக விட வேண்டும் என்றேன். தமிழில் குறிப்பு எழுதட்டும். 'இந்த இடத்தில் பிள்ளைகளின் வீட்டு மொழியில் கேளுங்கள்' என்று ஒரு கோடு போட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளட்டும். அந்தக் கோட்டை நிரப்ப வகுப்பில் ஒரு வாக்ரி ஆள் இருக்க வேண்டும், சம்பளத்தோடு. பொறியாளர்களுக்கு இது பிடிக்கவில்லை. காலி இடம் விடுகிற செயலிக்கு யார் நிதி தருவார்கள் என்றார்கள். நியாயமான கவலைதான்.

ஆனால் ஆளை வைப்பது கற்பனை இல்லை. ஒடிசா அரசு 2007-ல் பத்துப் பழங்குடி மொழிகளில் தாய்மொழி வழிப் பன்மொழிக் கல்வியைத் தொடங்கி, பிறகு இருபத்தொரு மொழி வரை விரித்தது. அந்தந்த மொழி பேசுகிறவர்களையே ஆசிரியராக எடுத்தது. குறைகள் உண்டு, இருந்தாலும் எடுத்தது. நீலகிரி கூடலூரில் வித்யோதயா பள்ளி, பணியர், பெட்டக்குறும்பர், காட்டுநாயக்கர் சமூகங்களில் இருந்தே ஆசிரியர்களை உருவாக்கி முப்பது ஆண்டுகள் ஆகப் போகிறது. அவ்வளவு தூரம்கூட வேண்டாம். நம் திருவள்ளூர் மாவட்டச் செங்கல் சூளைகளில் ஒடிசா தொழிலாளர்களின் பிள்ளைகளுக்காக ஒடியா பாடநூலும் ஒடியா பேசும் கல்வித் தன்னார்வலர்களும் அங்கிருந்தே வந்தார்கள். ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருந்து ஒரு மொழியை வகுப்புக்குக் கொண்டுவர முடிந்த மாவட்டத்தில், பருத்திப்பட்டில் இருக்கிற மொழிக்கு வழி இல்லை என்று சொல்ல முடியாது.

ஒலிப்பதிவுகள் யாருடையவை என்ற கேள்விக்கு நியூசிலாந்து மாவோரி மக்கள் ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். தே ஹிகு மீடியா என்ற மாவோரி வானொலி நிறுவனம் 2018-ல் தன் மக்களிடம் கேட்டு, பத்தே நாளில் 300 மணி நேரத்துக்கும் மேலான பேச்சைச் சேகரித்தது. அதை வைத்துப் பேச்சை எழுத்தாக்கும் கருவியைத் தாங்களே செய்தார்கள். பெரிய நிறுவனங்கள் பதிவுகளைக் கேட்டபோது கொடுக்கவில்லை. நிலத்தைப் பிடுங்கியது போல மொழியையும் பிடுங்கி எங்களுக்கே விற்பீர்கள் என்பது அவர்கள் வாதம். நம் அக்கா மாவோரி பற்றிக் கேள்விப்பட்டதில்லை. இருந்தாலும் போனில் பதிவு செய்யலாமா என்று கேட்டவுடன் அவர் கேட்டது இதுதான்: "எங்க பேச்ச எல்லாம் அதுல புட்ச்சி வெச்சிக்கினா, அப்பறம் எங்கள இன்னாத்துக்கு சார் கூப்புடுவீங்க?"

தமிழ்நாடு அரசு 2024-25 நிதிநிலை அறிக்கையில் தோடர், கோத்தர், சோளகர், காணி, நரிக்குறவர் மொழிகளை ஆவணப்படுத்த 2 கோடி ரூபாய் ஒதுக்கியது. வரவேற்கிறேன். ஆவணம் என்பது மொழியைப் பெட்டிக்குள் வைப்பது. பிள்ளை வகுப்பில் எழுந்து அந்த மொழியில் பதில் சொல்வதற்கு அந்த அறிக்கையில் தனியாக எதுவும் இல்லை. 1938-ல் இந்தியைத் திணித்தபோது நாம் தெருவுக்கு வந்தோம். 1939 ஜனவரியில் சிறைக்காவலில் முதல் உயிர் கொடுத்த நடராசன் தலித் இளைஞர். புரியாத மொழியில் பிள்ளைக்குப் பாடம் நடத்துவது அநீதி என்று இந்தியாவுக்கே சொல்லிக்கொடுத்த மாநிலம், தன் வகுப்பறையில் தமிழே புரியாத ஆறு வயதுப் பிள்ளையிடம் என்ன சொல்லப் போகிறது? அரசமைப்புச் சட்டத்தின் 350ஏ பிரிவு மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வியில் தாய்மொழி வசதி செய்துதரச் சொல்கிறது. நாம் டெல்லிக்கு எதிராக எடுத்து வீசுகிற சட்டப் புத்தகத்தில்தான் அதுவும் இருக்கிறது.

இங்கே ஒரு மறுப்பு வரும். வர வேண்டும். வாக்ரிப் பெற்றோரிடம் கேட்டால் பலர், "எங்க பாஷ எங்களுக்குத் தெரியும், நீங்க இங்கிலீஷ் சொல்லிக்குடுங்க சார்" என்பார்கள். என்னிடமும் சொன்னார்கள். தாய்மொழிக் கல்வி என்ற பெயரில் தங்கள் பிள்ளைகளை ஒரு தனிக் கொட்டகைக்கு அனுப்பிவிடுவார்களோ என்ற பயம் அது. ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளை இந்தச் சமூகம் எப்படி நடத்தியது என்று தெரிந்த எனக்கு அந்தப் பயம் நன்றாகவே புரிகிறது. நான் கேட்பது வாக்ரிப் பள்ளி இல்லை. இப்போது இருக்கிற அதே பள்ளி, அதே வகுப்பு. முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் மட்டும், தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் ஏறிப்போக வீட்டு மொழியில் ஒரு படிக்கட்டு. அந்தப் படிக்கட்டு மனிதர். ஏஐ அந்த மனிதருக்கும் தற்காலிக ஆசிரியருக்கும் நடுவில் ஒரு குறிப்பேடாக இருந்தால் போதும். நோலம்பூர் பக்கத்து சர்வதேசப் பள்ளிகளிலும் ஏஐ வரும், ஆனால் அங்கே ஆசிரியரும் இருப்பார். நம் பிள்ளைகளுக்கு ஆசிரியருக்குப் பதிலாக ஏஐ என்று ஆகிவிட்டால், அதற்கும் ஒரு தொழில்நுட்பப் பெயர் வைத்து விருது கொடுப்பார்கள்.

அதனால்தான் கருவியின் முதல் திரையில் ஒரு எண் வேண்டும் என்று கேட்டேன். திறந்தவுடன், பாடத்துக்கு முன்னால்: 'இந்த வகுப்பின் நிரந்தரப் பணியிடம் காலியாகி இத்தனை நாள்.' ஒவ்வொரு நாளும் அது கூடும். ஆசிரியரும் பார்ப்பார், பள்ளி மேலாண்மைக் குழுவில் உட்காரும் அம்மாக்களும் பார்ப்பார்கள், கருவியைப் பாராட்ட வரும் அதிகாரியும் பார்ப்பார். நிரந்தர ஆசிரியர் வந்த அன்று அது மறைந்துவிடும். நண்பர்கள் மூன்று வாரம் இழுத்தார்கள். அரசு இதை வாங்காது என்றார்கள். சின்ன எழுத்தில் கீழே போடலாமா என்றும் கேட்டார்கள். இப்போதைக்கு மேலேதான் இருக்கிறது.

அக்கா வாரத்துக்கு மூன்று நாள் வரச் சம்மதித்திருக்கிறார், ஒரு மாலை நேரப் பயிற்சி மையத்தில் முதலில் செய்துபார்க்க. அவர் போட்ட நிபந்தனை இரண்டு. ஒரு நாள் கூலி எவ்வளவு என்பதைக் காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். பதிவுகள் அவர் போனில்தான் இருக்கும், யாருக்காவது கேட்க வேண்டுமானால் வீட்டுக்கு வந்து கேட்டுவிட்டுப் போக வேண்டும். நண்பர்கள் நிதி கேட்டு எழுதிய விண்ணப்பத்தில் சர்வர் வாடகைக்கு ஒரு வரி, வடிவமைப்புக்கு ஒரு வரி, பயணத்துக்கு ஒரு வரி இருந்தது. அக்காவின் கூலிக்கு வரி இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை அதைச் சர்வர் வாடகைக்கு மேலே சேர்த்திருக்கிறோம். விண்ணப்பம் இந்த வாரம் போகிறது.